சமையலறைச் சுவரில் பாத்திர ஸ்டாண்டு மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு எங்கள் சமையலறையில் கேட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரரே எழுந்து மேலே வந்துவிட்டார். திருடன்தான் என்று முடிவு கட்டிய என் மாமியார், கையில் டார்ச்சோடு நிற்கிறார். லைட்டைப் போட்டால், சுவரில் இருந்த எவர்சில்வர் ஸ்டாண்டு மொத்தமாகப் பெயர்ந்து மேடையில் குப்புறக் கிடக்கிறது. இரும்பு தோசைக்கல் விழுந்து அடுப்பின் கண்ணாடி சில்லுசில்லாகிவிட்டது. இட்லிப் பானை மூடி ஹால்வரை உருண்டு போய் சோபா அடியில் கிடந்தது. காலை ஏழு மணிக்கு விழுந்திருந்தால் அதற்கு நேர் கீழே நான் நின்றிருப்பேன்.

நாங்கள் சென்னையில் கடலோர ஈஞ்சம்பாக்கத்தில் புது ஃபிளாட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மாடுலர் கிச்சனுக்குச் சொன்ன தொகையைக் கேட்டு மயக்கம் வந்ததால், தட்டு, டம்ளர், குக்கர் எல்லாம் வைக்கிற மாதிரி சுவர் ஸ்டாண்டு ஒன்று போதும் என்று முடிவு செய்தோம். மூன்றடி அகலம், இரண்டடி உயரம். கடைக்காரர் ஒன்றை 3,800 என்றார், இன்னொன்றை 6,400 என்றார். என்ன வித்தியாசம் என்று கேட்டதும் கல்லா டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். மலிவானதில் வைத்தார், பச்சக்கென்று ஒட்டியது. மற்றதில் வைத்தார், வழுக்கி விழுந்தது.

"பாத்துக்கோங்க மேடம். ஒட்டுனா டூப்ளிகேட், ஒட்டலைன்னா 304. கடல் காத்துக்கும் துரு பிடிக்காது, ஆயுசுக்கும் வரும்."

304 என்பது எவர்சில்வரில் நல்ல ரகத்தின் எண். கண் முன்னால் செய்து காட்டினால் யார்தான் நம்பமாட்டார்கள்? நான் நம்பினேன். ரொக்கமாகக் கொடுத்தேன். அவர் கொடுத்தது பில் இல்லை, 'எஸ்டிமேட்' என்று மேலே அச்சடித்த ஒரு சீட்டு. அதில் 'எஸ்.எஸ். ஸ்டாண்டு - 1' என்று மட்டும் இருந்தது. 304 என்ற எண்ணே இல்லை. அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாட்டுவதற்குத் தனியாக 500 ரூபாய். ஒரு தம்பி வந்தார். டைல்ஸ் மேல் பென்சிலால் நான்கு புள்ளி வைத்து, ட்ரில்லிங் மெஷினை ஹேமரில், அதாவது இடித்து இடித்துத் துளைக்கும் முறையில் போட்டு கடகடவென்று நான்கு ஓட்டை போட்டார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே கொட்டியது சிமெண்ட் தூசியாகத் தெரியவில்லை, கோலமாவு மாதிரி வெள்ளையாக இருந்தது.

"தம்பி, இவ்ளோ ஈசியா போகுதே, நிக்குமா?"

"அதெல்லாம் நாப்பது கிலோ தாங்கும்க்கா."

இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. மூன்றாவது வாரமே கம்பிகள் சேரும் இடங்களில் பழுப்புப் புள்ளிகள். கடைக்காரருக்குப் போன் செய்தால், "புளித்தண்ணி பட்டிருக்கும் மேடம், நல்லா தேய்ங்க" என்றார். தேய்த்தால் போனது, நாலு நாளில் திரும்ப வந்தது. ஏழாவது வாரம் ஸ்டாண்டே வந்துவிட்டது.

விழுந்த மறுநாள் கடைக்காரர் சொன்னதைக் கேளுங்கள்: "ஸ்டாண்டுக்கு ஒண்ணும் ஆகலையே மேடம். உங்க சுவர்தான் சரியில்ல."

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி உண்மை. எங்கள் ஃபிளாட்டில் பழைய ஆட்களுக்குத் தச்சுவேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கீழே கிடந்த ஸ்க்ரூ ஒன்றை எடுத்தார். ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் இன்னும் அதைக் கவ்விக்கொண்டுதான் இருந்தது, நுனியில் வெள்ளை மாவு. பையனின் ஸ்கேலை வைத்து அளந்தோம். பிளக்கின் நீளம் 35 மில்லிமீட்டர். டைல்ஸ் 8, அதை ஒட்டிய கலவை ஏறக்குறைய 10, பூச்சு 12. ஆக 30 மில்லிமீட்டர் அங்கேயே தீர்ந்துவிட்டது. சுவருக்குள் போனது வெறும் 5. அந்தச் சுவரோ ஏ.ஏ.சி. பிளாக், அதாவது உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழாக இருக்கும் லைட் வெயிட் கல். ஆணியால் கீறினாலே உதிர்கிறது. இதில் ஹேமர் போட்டால் ஓட்டை அகன்றுபோகும், பிளக் பிடிக்காது என்றார். ஹேமர் இல்லாமல், அளவுக்கு ஒரு சுற்று சின்ன பிட் போட்டுத் துளைக்க வேண்டுமாம். இந்தக் கல்லுக்கென்றே விற்கும் நீளமான நைலான் பிளக், டைல்ஸையும் பூச்சையும் தாண்டிக் கல்லுக்குள் நன்றாக இறங்க வேண்டுமாம். செங்கல் சுவருக்குப் போடுகிற சின்ன பிளக்கை இங்கே போட்டது தப்பு.

விழுந்த பாத்திரங்களை எல்லாம் வீட்டுத் தராசில் போட்டுப் பார்த்தேன், ஆர்வக்கோளாறுதான். 27 கிலோ வந்தது. ஸ்டாண்டு சுவரிலிருந்து ஒரு அடி வெளியே நீட்டிக்கொண்டு இருப்பதால், எடை கீழே மட்டும் இழுக்காது. மேல் இரண்டு ஸ்க்ரூவையும் வெளிப்பக்கமாக நெம்பிக்கொண்டே இருக்கும். கல்யாணச் சீராக வந்த அந்தக் குண்டு வாணலியை மேல் தட்டின் விளிம்பில் வைத்தது நான்தான். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, சுவர் போகட்டும், 304 ஆவது மிச்சமா என்றால், அதுவும் இல்லை. வளைந்துபோன ஸ்டாண்டைப் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போனேன். 304 என்று சொல்லி விலை கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு சின்ன பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டு, 9 வோல்ட் பேட்டரியின் முனையை அதில் வைத்தார். சொட்டு ரத்தச் சிவப்பானது. "202-ங்க. 304-னா இப்படிச் சிவக்காது."

காந்தம் ஒட்டலையே என்றேன். சிரித்தார். 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. ஒட்டுவது 430 மாதிரி வேறு ரகத்தில். போதாக்குறைக்கு, அசல் 304-லேயே வளைத்த இடத்தில் லேசாகப் பிடிக்குமாம். ஆக அந்தக் காந்த வித்தை 202-ஐ 304 என்று விற்பதற்குத்தான் உதவும். 304-ல் நிக்கல் சுமார் 8 சதவீதம் இருக்கும். 202-ல் அதைப் பாதியாக்கிவிட்டு மாங்கனீஸைச் சேர்ப்பார்கள். விலை குறையும், உப்புக் காற்றைத் தாங்கும் சக்தியும் குறையும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் மூன்று வாரத்தில் புள்ளி வந்ததற்கு புளித்தண்ணீர் காரணமில்லை.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் பதிந்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிகம்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஆனால் 304 என்று அவர் சொன்னதற்கு என்னிடம் எழுத்தில் ஒன்றுமில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட இல்லை. ஜி.எஸ்.டி. பில் கேட்டு, அதில் '304' என்று எழுதச் சொல்லியிருந்தால், எழுத மறுத்த அந்த நிமிடமே விஷயம் வெளியே வந்திருக்கும்.

புகாருக்கு அப்புறம் கடையிலிருந்து போன் வந்தது. வேறு ஸ்டாண்டு தருகிறார்களாம், அடுப்புக்கும் உடைந்த இரண்டு டைல்ஸுக்கும் பொறுப்பில்லையாம். அந்த வேறு ஸ்டாண்டு என்ன ரகம் என்று கேட்டேன். "304 தான் மேடம், வாங்க, காந்தம் வெச்சுக் காட்டுறேன்."

தச்சர் அடுத்த வாரம் வருகிறார். அந்தச் சுவருக்குப் பின்னால் யூட்டிலிட்டி பால்கனி என்பதால், சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கிவிடலாம் என்கிறார். அதுவரை தட்டெல்லாம் பிளாஸ்டிக் கூடையில். மாமியாருக்கு இந்த ஏற்பாடே பிடித்துவிட்டது. புது ஸ்டாண்டு என்று பேச்செடுத்தாலே, "தரையில இருக்குறது எங்க விழும்?" என்கிறார்.