சுபாரு எஸ்டிஐ-யில் இ85: இரண்டு குளிர்காலம் தாண்டினால் தெரிவது

அமெரிக்காவில் சோளம் விளையும் மினசோட்டா, அயோவா பக்கம் டர்போ வண்டியை இ85-க்கு, அதாவது எத்தனாலும் பெட்ரோலும் கலந்த எரிபொருளுக்கு, மாற்றுவது சர்வசாதாரணம். 2008-க்குப் பிந்தைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ அதற்குத் தோதான வண்டி. முதல் மாதம் பேச்செல்லாம் இழுவையைப் பற்றித்தான். போகப்போக ஒரே கேள்விதான் மிஞ்சும்: டேங்கில் இப்போது எத்தனால் எத்தனை சதவீதம்?

பெயரில்தான் 85. அமெரிக்கத் தரவிதிப்படி 51 முதல் 83 சதவீதம் வரை எத்தனால் எவ்வளவு இருந்தாலும் அந்தப் பெயரில் விற்கலாம். குளிர்காலத்தில் வேண்டுமென்றே குறைப்பார்கள். எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி என்று இன்ஜின் கணினிக்குச் சொல்லும் அட்டவணைதான் மேப். 83-க்கு எழுதிய மேப்பில் 55 ஊற்றினால் காற்றுக்கு எரிபொருள் கூடிப்போய்க் கலவை கெட்டியாகும், அதோடு இக்னிஷன் டைமிங்கும் அந்த எரிபொருள் தாங்காத அளவு முந்திக்கொள்ளும், நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) வரும். 55-க்கு எழுதியதில் 83 ஊற்றினால் எரிபொருள் போதாமல் கலவை மெலியும். நிதானமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் இதைச் சரிக்கட்டி மறைத்துவிடும். டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் தள்ளும்போது, அதாவது முழு பூஸ்டில்தான், குட்டு வெளிப்படும்.

அதனால் எரிபொருளில் எத்தனால் எவ்வளவு என்று அளந்து சொல்லும் ஃப்ளெக்ஸ் சென்சார் இல்லாத மாற்றத்தைப் பரிந்துரைக்க மாட்டோம். எத்தனால் துளியும் இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ், முழுக்க எத்தனால் என்றால் 150 ஹெர்ட்ஸ், அவ்வளவுதான் அதன் கணக்கு. 150-ஐத் தாண்டினால் எரிபொருளில் தண்ணீரோ சென்சார் கோளாறோ இருக்கலாம். அந்த நேரத்தில் பூஸ்ட் தானாக இறங்கும்படி மேப்பில் எழுதியிருக்க வேண்டும். எரிபொருள் நிரப்பியவுடன் ஆக்சிலரேட்டரை அழுத்தக் கூடாது. லைனில் இருக்கும் பழையது தீர்ந்து எண் நிலைக்கச் சில நிமிடம் ஆகும்.

சந்தேகமா? 100 மில்லி அளவுக் குழாயில் 50 தண்ணீர், 50 எரிபொருள் ஊற்றிக் குலுக்கிப் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கீழ் அடுக்கு 90-ஐத் தொட்டால் 50-க்கு 40, அதாவது 80 சதவீதம். உண்மை அளவைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும், பாதகமில்லை.

பாகங்களுக்கு வருவோம். ஒரே காற்றுக்கு பெட்ரோலைவிடச் சுமார் 30 முதல் 40 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். எரிபொருளைப் பீய்ச்சும் கம்பெனி இன்ஜெக்டர் அதற்கு ஈடுகொடுக்காது. நிமிடத்துக்கு 1000 சிசி வகை போதும். மணிக்கு 265 முதல் 340 லிட்டர் தள்ளும், எத்தனாலுக்கென்றே செய்த பம்ப் போடுங்கள். 'இருக்கட்டுமே' என்று 450 லிட்டர் பம்பைப் போட்டால், எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கம்பெனி ரெகுலேட்டரும், மிச்சத்தை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைனும் ஐடிலில் அவ்வளவையும் திருப்பி அனுப்ப முடியாமல் பிரஷர் ஏறிவிடும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியிலுள்ள சின்ன ரப்பர் ஹோஸ்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குளிர்காலக் காலையில் பானெட்டைத் திறந்தால் எரிபொருள் வாடை அடிப்பது அங்கிருந்துதான். டெஃப்ளான் உட்பூச்சுள்ள ஹோஸுக்கு மாற்றிவிடுங்கள். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.7 மில்லிமீட்டர்.

பழைய டேங்கில் படிந்த அழுக்கை எத்தனால் கிளப்பிவிடும். இரண்டு மூன்று டேங்க் ஓடியதும் ஃபில்டரை மாற்றாவிட்டால் பிரஷர் விழும், பழி பம்பின் மேல் போகும்.

எத்தனால் ஆவியாகும்போது வெப்பத்தை நிறைய உறிஞ்சுகிறது, நாக்கிங்கையும் நன்றாகத் தாங்குகிறது. ஆபத்தும் அதில்தான். நாக்கிங் சத்தமே கேட்காததால் டியூன் செய்பவர் டார்க்கை (சுழற்று விசையை) ஏற்றிக்கொண்டே போவார். இந்த வண்டியின் ஈஜே257 இன்ஜினிலுள்ள வார்ப்பு பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடைப்பட்ட விளிம்பு உடையும். உள்ளே கை வைக்காத இன்ஜின் என்றால் சக்கரத்தில் 350 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்தி. டேங்கில் 50, 60 சதவீதம் இருந்தாலே லாபத்தின் பெரும்பகுதி கிடைத்துவிடும். 83-ஐத் தேடி ஊர் ஊராக அலையத் தேவையில்லை.

மைலேஜ் கால்பங்குக்கு மேல் அடிபடும். 64 லிட்டர் டேங்கில் 500 கிலோமீட்டர் போன வண்டி 370-ல் கை விரிக்கும்.

குளிரில் எத்தனால் எளிதில் ஆவியாகாது. பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி போனால், ஸ்டார்ட்டிங் நேரத்து எரிபொருள் அளவை மேப்பில் கூட்டி எழுதாத வண்டி ஸ்டார்ட்டர் சுற்றியும் கிளம்பாமல் நிற்கும். எரியாத எரிபொருள் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறுவது, மூடியடியில் பால் நிறத்தில் பிசுபிசுப்பு, இரண்டும் அதன் அடையாளம். கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டிக்கு இது தீராத தொல்லை. வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடி ஆயில் நன்றாகச் சூடாக வேண்டும். ஆயிலை 5,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள்.

வழியில் இ85 பங்க் இல்லையென்றால் கவலை வேண்டாம். 80 சதவீதத்தில் 20 லிட்டர் மிச்சமிருக்க, 10 சதவீத எத்தனால் கலந்த சாதாரண பிரீமியம் 40 லிட்டர் ஊற்றினால் 33 சதவீதம் வரும்; சென்சார் பார்த்துக்கொள்ளும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் ஒரு டேங்க் வெறும் பெட்ரோல் ஓட்டித் தீர்த்து, மறுபடி நிரப்பி நிறுத்துங்கள். இ85-ஓடு அப்படியே விட்டால் வசந்தத்தில் இன்ஜெக்டர் நுனியில் கறுப்புப் பிசின் காத்திருக்கும்.