‘ஸ்டுடியோ பிசி’ வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் பஃபரைப் பாருங்கள்

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டு செய்ய ஒரு கம்ப்யூட்டர் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘ஸ்டுடியோ பிசி’ என்று பெயர் வைத்து, அசெம்பிள் செய்து, சாஃப்ட்வேர் எல்லாம் ஏற்றி, ‘ஆப்டிமைசேஷன்’ என்று தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டு தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் சுத்தமாக வேலை செய்கிறவர்களும் உண்டு. எனக்கு வாய்த்தவர் அப்படி இல்லை. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் செய்ததை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். அதே வித்தையை உங்களிடமும் யாராவது காட்டலாம்.

என் தேவை பெரியது இல்லை. தங்கை பாடுவாள், நான் கீபோர்டு வாசிப்பேன். ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், ஸ்பீக்கர், ஹெட்ஃபோனைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), கண்டென்சர் மைக், மிடி கீபோர்டு (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்று மட்டும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கீபோர்டு) எல்லாம் ஏற்கெனவே கையில் இருந்தன. ட்ராக் கூடக்கூடப் பழைய லேப்டாப் திணறியதால்தான் புதிய மெஷின். கொட்டேஷனை எழுத்தில் வாங்கினேன்: 32 ஜிபி ராம் இரண்டு ஸ்டிக்காக, புதிய 1 டிபி எஸ்எஸ்டி, இன்டர்ஃபேஸை இணைத்து லேட்டன்சி, அதாவது ஒலித் தாமதம், இல்லாமல் செட் செய்து தருவது. இந்தக் கடைசி வரிக்குத்தான் அந்த ஆப்டிமைசேஷன் கட்டணம்.

மெஷினைக் கொண்டுவந்த அன்று அவர் ஒரு டெமோ காட்டினார். ஏற்கெனவே மிக்ஸ் செய்து முடித்த ஒரு ப்ராஜெக்டைத் திறந்து ஓடவிட்டார். ஏகப்பட்ட ட்ராக், ஒவ்வொன்றிலும் ப்ளகின் (ஒலியை மாற்ற, மெருகேற்றச் சேர்க்கும் குட்டி சாஃப்ட்வேர்). எங்கேயும் தடங்கல் இல்லை. “பாருங்க சார், சிபியு மீட்டர் கால்வாசிகூடத் தாண்டல” என்றார். மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தங்கை ஹெட்ஃபோன் மாட்டிப் பாட ஆரம்பித்ததும் விஷயம் வெளியே வந்தது. பல்லவியின் இரண்டாவது வரியிலேயே தாளம் பின்னால் இழுத்தது. மறுபடியும் பாடினாள், மறுபடியும் இழுத்தது. “அண்ணா, நான் பாடி முடிச்சப்புறம் என் குரல் வருது” என்றாள். தாளம் தவறாத பெண் அவள். நான் கீபோர்டைத் தொட்டுப் பார்த்தேன். கட்டையை அழுத்தினால் பியானோ ஒலி ஆற அமர வந்தது.

ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் ஆடியோ செட்டிங்ஸைத் திறந்தேன். பஃபர் 2048 சாம்பிள் என்று இருந்தது. டிரைவர் (சாதனத்தைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் சாஃப்ட்வேர்) இருக்க வேண்டிய இடத்தில் என் இன்டர்ஃபேஸின் பெயரே இல்லை, ‘ஏசியோ ஃபார் ஆல்’ என்று இருந்தது. அவர் செய்த மோசடி முழுக்க இந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாக இல்லாமல் கட்டுக்கட்டாகத்தான் கையாளும். ஒலியை ஒரு கணத்தில் அளந்த ஒரு எண்தான் சாம்பிள். ஒரு கட்டில் எத்தனை சாம்பிள் என்பதே பஃபர். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் 128 சாம்பிள் பஃபர் என்றால் சுமார் 2.9 மில்லி விநாடி. 2048 என்றால் சுமார் 46 மில்லி விநாடி. மைக்கிலிருந்து உள்ளே வர ஒரு பஃபர், ஹெட்ஃபோனுக்கு வெளியே போக இன்னொரு பஃபர். ஆகப் போய்வர 90 மில்லி விநாடிக்கு மேல். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. அப்படியானால் 30 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரில் தன் குரலைக் கேட்டுக்கொண்டே தங்கை பாடியிருக்கிறாள். யாரால் தாளத்தில் பாட முடியும்?

மிக்ஸ் செய்யும்போது பெரிய பஃபர் வைப்பது தப்பே இல்லை, எல்லோரும் வைப்பார்கள். கம்ப்யூட்டருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், ப்ளகின்கள் தாராளமாக ஓடும். ரெக்கார்டு செய்யும்போது அது உதவாது. அதனால்தான் அவர் ரெக்கார்டு செய்து காட்டாமல், ஓடவிட்டு மட்டும் காட்டினார்.

பஃபரை 128க்குக் குறைத்தேன். ஸ்பீக்கரில் படபடவென்று பொரிய ஆரம்பித்தது. சாதாரணமாக ஓடும், திடீரென்று ‘டிக்’, அப்புறம் சில விநாடி அமைதி, மறுபடி ‘டிக் டிக்’. ஒரு வரியை ரெக்கார்டு செய்து அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளைந்து வளைந்து போகும் கோடு ஓரிடத்தில் சட்டென்று செங்குத்தாக அறுந்து, வேறொரு உயரத்தில் தொடர்ந்தது. அந்த இடத்தில் ஒலியே பதிவாகவில்லை. இதை எந்த நாய்ஸ் ரிடக்‌ஷனாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. இந்தப் பொரிச்சல் அவருக்கும் கேட்டிருக்கும். காரணத்தைத் தேடாமல் பஃபரை ஏற்றிப் பூசி மெழுகிவிட்டார்.

போன் செய்தேன். முதலில் “டைரக்ட் மானிட்டர் பட்டனைப் போட்டுப் பாடச் சொல்லுங்க” என்றார். அது நல்ல வசதிதான். மைக் ஒலி கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பும்வரை காத்திருக்காமல் இன்டர்ஃபேஸிலிருந்தே நேராகக் காதுக்கு வரும். ஆனால் மிடி கீபோர்டுக்கு அது பிரயோஜனம் இல்லை. பியானோ ஒலி பிறப்பதே கம்ப்யூட்டருக்குள் என்னும்போது இன்டர்ஃபேஸ் எதை நேராக அனுப்பும்? இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. “உங்க இன்டர்ஃபேஸ் பழைய மாடல் சார், புது மெஷினுக்கு அது தாங்காது. நானே நல்லதா ஒண்ணு எடுத்துத் தர்றேன்” என்றார்.

இங்கேதான் நீங்கள் உஷாராக இருக்க வேண்டும். இன்னொரு பொருளைத் தலையில் கட்டுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்குக் கிடைக்காது. பொரிச்சல் கேட்பது ஸ்பீக்கரில், அது செருகியிருப்பது இன்டர்ஃபேஸில். அதனால் யார் சொன்னாலும் நம்பத் தோன்றும். நான் அதே இன்டர்ஃபேஸை, அதே கேபிளோடு பழைய லேப்டாப்பில் செருகி, 128 பஃபரில் ஒரே ஒரு ட்ராக் ரெக்கார்டு செய்தேன். ஒரு ‘டிக்’கூட இல்லை. இன்டர்ஃபேஸை மாற்று என்று யார் சொன்னாலும் முதலில் வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் காரணத்தைத் தேடினேன். முதலில் டிரைவர். ஏசியோ என்பது ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த முறை. விண்டோஸின் சொந்த ஒலிப் பாதையைச் சுற்றிக்கொண்டு போகாமல் சாஃப்ட்வேர் நேராக இன்டர்ஃபேஸோடு பேச அது வழிசெய்கிறது. பெரும்பாலான இன்டர்ஃபேஸ் நிறுவனங்கள் தங்கள் பொருளுக்கென்றே எழுதிய ஏசியோ டிரைவரைத் தளத்தில் இலவசமாக வைத்திருக்கும். ஏசியோ ஃபார் ஆல் அப்படிப்பட்டது இல்லை. விண்டோஸின் பொதுவான டிரைவர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஏசியோ மாதிரி முகம் காட்டும். சொந்த டிரைவர் இல்லாத சாதனத்துக்கு அது கைகொடுக்கும். சொந்த டிரைவர் இருக்கும்போது இதைப் போட்டுவிட்டுப் போவது வேலையைத் தட்டிக் கழிப்பதுதான். அதை எடுத்துவிட்டு நிறுவனத்தின் டிரைவரை ஏற்றினேன். பொரிச்சல் குறைந்தது, நிற்கவில்லை.

சிபியு மீட்டர் கால்வாசிதான் காட்டுகிறது, பிறகு ஏன் பொரிகிறது? சிபியுவின் பலம் மட்டும் போதாது. வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றின் டிரைவர்கள் அவ்வப்போது ‘என் வேலையை முதலில் முடி’ என்று குறுக்கே வரும். அந்த நேரத்தில் ஒலிக்கான வேலை காத்திருக்க வேண்டும். காத்திருப்பு பஃபர் நேரத்தைத் தாண்டினால் ஒலி அறுந்துவிடும். இதை டிபிசி லேட்டன்சி என்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ‘லேட்டன்சிமான்’ என்று ஒரு கருவி இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம். வேறு எதையும் திறக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, டிரைவர்ஸ் பக்கத்தில் அதிக நேரம் எடுத்தது எது என்று வரிசைப்படுத்தினால் போதும். எனக்கு மேலே வந்தது விண்டோஸின் நெட்வொர்க் பகுதியான என்டிஐஎஸ். உடனே வைஃபையை அணைத்தேன், பொரிச்சல் நின்றது. போட்டேன், திரும்பி வந்தது. வைஃபை கார்டுக்கு அதன் தயாரிப்பாளரின் புதிய டிரைவரை ஏற்றி, பவர் பிளானை ஹை பெர்ஃபாமன்ஸுக்கு மாற்றி, முன்பக்க யுஎஸ்பியில் இருந்த இன்டர்ஃபேஸைப் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டுக்கு மாற்றினேன். இப்போது 128இல் சுத்தமாக ஓடுகிறது. ஆப்டிமைசேஷன் என்று பணம் வாங்கினாரே, அந்த வேலை மொத்தமும் இவ்வளவுதான். அவர் இதில் எதையும் செய்யவில்லை.

சந்தேகம் வந்த பிறகு பாகங்களையும் பார்த்தேன். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது என்று தெரியும். 32 ஜிபி இருந்தது, ஆனால் ஒரே ஸ்டிக். இரண்டாகப் போட்டால் டூயல் சேனலில் கிடைக்கும் வேகம் இதில் கிடைக்காது. சரி, இதையாவது கவனக்குறைவு என்று விடலாம். எஸ்எஸ்டி அப்படி இல்லை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவி, டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். ஒரு வருடம் முழுக்க அணைக்காமல் ஓடினாலே 8,760 மணி நேரம்தான். ‘புதியது’ என்று பில்லில் எழுதிய என் எஸ்எஸ்டி அதைவிட அதிகமாக ஓடியிருந்தது. வேறு யாருடைய மெஷினிலோ உழைத்துத் தேய்ந்ததை, என் தங்கையின் குரலைச் சேமிக்கக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இலவசம் என்று சொல்லி அவர் ஏற்றிய ப்ளகின்கள் எல்லாம் கிராக் செய்தவை. அவை ஓட வேண்டும் என்பதற்காக விண்டோஸ் டிஃபெண்டரில் சி டிரைவ் முழுவதையும் சோதிக்காதே என்று விலக்கு போட்டு வைத்திருந்தார். பேங்க் வேலையும் அதே கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறோம் என்றால் இது எவ்வளவு பெரிய ஆபத்து! விண்டோஸும் பெரிய அலுவலகங்களுக்கான கேஎம்எஸ் முறையில் ஆக்டிவேட் ஆகியிருந்தது. அது 180 நாளுக்குத்தான் செல்லும், அதற்குள் புதுப்பித்தாக வேண்டும். வீட்டுக்கு விற்கும் மெஷினில் அது இருக்கவே கூடாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முறையான லைசென்ஸோடு முதலிலிருந்து ஏற்றினேன். கிராக் தேவையே இல்லை. ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கத் தருகிறது. பல இன்டர்ஃபேஸ்களோடு ஏதாவது ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் லைட் பதிப்பும் முறையான லைசென்ஸோடு வரும், உங்கள் பெட்டிக்குள் அந்தச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி வாங்குகிறவர்கள் மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் விற்பவரையே உட்காரவைத்து, பஃபரை 128இல் வைத்து, வைஃபை ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் மைக்கில், உங்கள் கீபோர்டில் அரை மணி நேரமாவது ரெக்கார்டு செய்து கேளுங்கள். “டிரைவர் அப்புறம் ஏத்திக்கலாம் சார்” என்றால் பணமும் அப்புறம்தான் என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் எண், சீரியல் எண்ணோடு பில், அசல் பெட்டி, உங்கள் பெயரில் வாரண்டி எல்லாம் வேண்டும். பளபளக்கும் விளக்குக்கும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டுக்கும் மயங்க வேண்டாம். ஆடியோ வேலைக்கு அந்தக் கார்டு பெரும்பாலும் தேவைப்படாது, அதன் ஃபேன் சத்தம்தான் மைக்கில் விழும். ஒரு ட்ராக்கில் வரிசையாகப் போடும் ப்ளகின்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட வேண்டும் என்பதால், கோர் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகத்தைக் கேளுங்கள்.

கொட்டேஷனையும் எஸ்எஸ்டி ஓடிய நேரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்பிய பிறகு, நிறைய சப்பைக்கட்டு கட்டிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் மாற்றித் தந்தார். ராம் அப்படியேதான் இருக்கிறது. ஆப்டிமைசேஷன் பணம் திரும்பவில்லை, கேட்டால் “வேலை பார்த்தாச்சு சார்” என்கிறார். பழைய எஸ்எஸ்டியைத் திருப்பிக் கேட்டார். கொடுப்பதற்கு முன் தயாரிப்பாளரின் கருவியால் செக்யூர் எரேஸ் செய்துவிட்டேன். வெறும் டிலீட் போதாது, குரலும் பாஸ்வேர்டும் உள்ளேயே கிடக்கலாம். அந்த டிஸ்க் அடுத்து யாருடைய ‘புதிய’ மெஷினுக்குள் போகிறதோ தெரியாது, அதனால்தான் அதன் சீரியல் எண்ணை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.