குழந்தையின் குடல் அழற்சிக்கு மல மாற்றா, திரவ உணவா, ஊசியா?

"ஸ்டீராய்டு வேண்டாம் டாக்டர். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் குடலுக்குள் செலுத்தினால் சரியாகுமாமே?" குடல் அழற்சி நோய் (கிரோன், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று இரு முக்கிய வகை) வந்த பிள்ளையின் பெற்றோர் இப்படிக் கேட்பதில் தவறே இல்லை. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தால் முகம் உப்பும், எலும்பு வலுவிழக்கும், உயரம் தடைபடும். அதைக் கண்ணெதிரே பார்ப்பவர்கள் வேறு வழி தேடத்தான் செய்வார்கள்.

மல மாற்றுக்குப் பெயர் வாங்கித் தந்ததோ வேறொரு நோய்: ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பின் திரும்பத் திரும்ப வரும் சி. டிஃபிசில் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் தொற்று. 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஒருமுறை செலுத்தியதிலேயே 81 சதவீதம் பேர் குணமானார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் எடுத்தவர்களில் 31 சதவீதம்தான். அங்கே நல்ல கிருமிகள் அழிந்த இடத்தில் ஒரு கெட்ட கிருமி குடியேறியிருக்கிறது. நல்லவை திரும்பினால் அது ஒடுங்கும். குடல் அழற்சியில் உடலின் எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்குகிறது, மரபணுவும் சேர்ந்துகொள்கிறது. கிருமிகளை மாற்றுவது பாதி வேலைகூட ஆகாமல் போகலாம். 2017இல் ஆஸ்திரேலியாவில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள பெரியவர்களுக்கு வாரம் 5 நாள் வீதம் 8 வாரம் எனிமாவாகக் கொடுத்தும் நோய் அடங்கியது 27 சதவீதம் பேருக்கு. ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த போலி எனிமாவில் 8 சதவீதம். பலன் உண்டு, ஆனால் அளவானது. குழந்தைகளிடம் நடந்தவை சிறிய ஆய்வுகளே.

மருந்தில்லாத வழிதான் வேண்டுமென்றால், கிரோன் நோய்க்கு அது ஏற்கெனவே இருக்கிறது. 6 முதல் 8 வாரம் வேறெதுவும் உண்ணாமல் முழுச் சத்துத் திரவ உணவு மட்டும். ஸ்டீராய்டுக்கு இணையாக நோயை அடக்குகிறது, குடல் புண்ணை அதைவிட நன்றாக ஆற்றுகிறது, எடையும் ஏறும். எல்லாரும் சாப்பிடும்போது பிள்ளை வெறுமனே உட்கார்ந்திருப்பது கொடுமைதான். குடிக்க முடியாவிட்டால் மூக்குவழிக் குழாய் தேவைப்படும். ஆனாலும் கிரோன் பிள்ளைக்கு என் முதல் தேர்வு இதுவே. அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு இது உதவாது. அங்கே மெசலமைன் என்ற அழற்சி குறைக்கும் மருந்தில் தொடங்குவார்கள்.

ஆசனவாயருகே புரை வைத்திருந்தாலோ நோய் கடுமையாக இருந்தாலோ, திரவ உணவோடு நிற்காமல் எதிர்ப்பாற்றலின் தாக்குதலைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசியை முன்கூட்டியே தொடங்குவது நல்லது. காசநோய்ப் பரிசோதனை முடித்துவிட்டு ஏற்றுவார்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வீட்டிலேயே மல எனிமா கொடுத்துவிடாதீர்கள். 2019இல் அமெரிக்காவில், எதிர்ப்பாற்றல் குறைந்த இருவருக்கு மல மாற்று வழியாக மருந்துக்கு அடங்காத ஈ. கோலை என்ற குடல் கிருமி பரவி, ஒருவர் இறந்தார். உங்கள் பிள்ளையும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தில் இருக்கலாம். அப்பா, அம்மாவே கொடையாளி என்றாலும், பரிசோதிக்காமல் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

அடங்கியிருந்த வயிற்றுப்போக்கு திடீரென்று கூடினால், மருந்தை மாற்றும் முன் மலத்தில் சி. டிஃபிசில் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். குடல் அழற்சி உள்ள பிள்ளைகளுக்கு அது எளிதில் தொற்றும், அறிகுறியும் ஒன்றே. அது மீண்டும் மீண்டும் வந்தால், அப்போது மல மாற்றைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் பேசலாம்.