ராமை ஏற்றுவதா, புரொசெசரை ஏற்றுவதா: திருகோணமலை வெக்கையில் ஓர் ஒப்பீடு

வீட்டில் தானே கம்ப்யூட்டர் பூட்டுகிற பெடியன்கள் கடைசியில் வந்து கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ராமை ஏத்தவா, சிபியூவை ஏத்தவா?" ஏற்றுவது என்றால் ஓவர்கிளொக்: அடிப்படை வேகத்தைவிடக் கூட்டி ஓட்டுவது. சிபியூ என்பது புரொசெசர்தான். ரெண்டையும் ஏத்து என்பது யூடியூப் தரும் பதில். ஆனால் அந்தச் சோதனைகளில் பல 20, 22 பாகை அறையில் செய்தவை. உவர்மலையிலோ உப்புவெளியிலோ ஆடி மாதம் கச்சான் வீசும்போது ஏசி இல்லாத அறையில் மத்தியானம் 32 பாகை சாதாரணம். எவ்வளவு விலை கொடுத்து கூலர் வாங்கினாலும் அது அறைக் காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்காது. அறையில் பத்துப் பாகை கூடினால் சிப்பிலும் ஏறக்குறைய அதே பத்து கூடும். அவர்களின் வீடியோவில் 78இல் நிற்கும் புரொசெசர் நம் வீட்டில் 88இல் நிற்கும்.

அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ராமுக்குத்தான் முதலிடம். புரொசெசரில் கைவைப்பதானால் வோல்டேஜைக் குறைக்கிற பக்கமாகக் கைவைக்கலாம். எல்லாக் கோர்களையும் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) ஒரே வேகத்தில் இழுத்துக் கட்டுகிற பழைய முறை இந்த ஊருக்குத் தோதானதல்ல.

ஒப்பிடுவதற்கு ஒரு மெஷின் வேண்டுமே. ஏ.எம்.டியின் ரைசன் 5 5600 புரொசெசர், ஒரு பி450 அல்லது பி550 மதர்போட், டி.டி.ஆர் 4 ராம் இரண்டு துண்டு, பெட்டியோடு வந்த கூலர் என்று வைத்துக்கொள்வோம்.

ராம்

3200 என்று பெட்டியில் எழுதியிருப்பதால் மட்டும் ராம் 3200இல் ஓடிவிடாது. பயோஸை (மதர்போட்டின் அமைப்புத் திரை) தொடாவிட்டால் பல ராம் கிட்டுகள் 2133, 2400, 2666 ஆகிய வேகங்களில் ஒன்றில்தான் நிற்கும். பெட்டியில் எழுதிய வேகம் வர வேண்டுமானால் எக்ஸ்.எம்.பி என்ற புரொஃபைலை இயக்க வேண்டும். இது இன்டெலின் ஏற்பாடு. ஏ.எம்.டி போர்டுகளில் சிலவற்றில் டி.ஓ.சி.பி என்று இருக்கும். டி.டி.ஆர் 5 காலத்தில், 2022இல், ஏ.எம்.டி தனக்கென எக்ஸ்போ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எந்தப் பெயராக இருந்தாலும் வேலை ஒன்றுதான்: ராமில் எழுதி வைத்திருக்கும் வேகத்தையும் டைமிங்கையும் (ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை கடிகாரத் துடிப்பு என்பது) வோல்டேஜையும் எடுத்துப் போடுவது. டி.டி.ஆர் 4இல் பொதுவாக 1.2 வோல்ட் 1.35 ஆகும். 1.2 வோல்டிலேயே 3200 ஓடுகிற ராமும் உண்டு, அதற்கு இந்த வேலையே இல்லை. விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் மெமரிப் பகுதியைத் திறந்தால் இப்போது என்ன வேகம் என்று தெரியும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை மாதக்கணக்காகப் பாவிக்காமல் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர்.

இலக்கம் பெரிதாக இருந்தால் வேகம் என்று நினைக்கவும் கூடாது. சி.எல் எண்ணை (கேட்ட தகவலைக் கொடுக்க ராம் எடுக்கும் துடிப்புகள்) 2000ஆல் பெருக்கி ராமின் வேகத்தால் வகுத்துப் பாருங்கள், தாமதம் நானோ செக்கனில் வரும். 3200 சி.எல் 16க்குப் பத்து. 3600 சி.எல் 18க்கும் அதே பத்து. 3600 சி.எல் 16 என்றால் 8.9. 2666 சி.எல் 19இல் கிடப்பதோ 14.25. அந்தக் கடைசி நிலையிலிருந்து முதலாவதுக்கு வருவதுதான் பெரிய பாய்ச்சல். அதற்கு மேலே தேடுவதெல்லாம் சில்லறை. ரைசன் 5000இல் இன்னொரு எல்லையும் இருக்கிறது. ராமின் கடிகாரமும் சிப்பின் பகுதிகளை உள்ளே இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் ஒன்றுக்கொன்று சமமாக ஓடினால்தான் பலன். ஃபேப்ரிக் பெரும்பாலும் 1800 மெகாஹேர்ட்ஸ்வரை சிணுங்காமல் போகும், அதாவது 3600 ராம் (ராமின் கடிகாரம் எழுதிய எண்ணில் பாதி). அதைத் தாண்டி 4000 வாங்கி, ஃபேப்ரிக் கூட வராமல், சிப்புக்குள் ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி பாதி வேகத்துக்கு விழுந்தால், கூடுதல் காசு கொடுத்துத் தாமதத்தை வாங்கியதாகத்தான் முடியும்.

ஒற்றைத் துண்டு ராம் போட்டிருந்தால் ஓவர்கிளொக்கைப் பற்றிப் பேசுவதே வீண். 3200இல் ஒரு துண்டு செக்கனுக்கு 25.6 ஜிகாபைட், இரண்டு துண்டு 51.2. எந்தப் புரொஃபைலும் இதற்குக் கிட்ட வராது. நாலு ஸ்லொட் உள்ள போர்டில் இரண்டு துண்டுகளைப் பொதுவாகப் புரொசெசர் பக்கமிருந்து இரண்டாவதிலும் நாலாவதிலும்தான் போட வேண்டும்.

தனி கிராபிக்ஸ் கார்ட் வாங்க முடியாமல் 5600ஜி மாதிரி ஒன்றில் விளையாடுகிறவர்களுக்கு ராம்தான் எல்லாம். அதற்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் கடன் எடுக்கும். அங்கே ராமை ஏற்றுவது கிராபிக்ஸையே ஏற்றுவதற்குச் சமம். மாறாக, தனி கார்ட் இருந்து, அதுவே நூறு வீதம் வேலை செய்துகொண்டிருந்தால், ராமோ புரொசெசரோ எதை ஏற்றினாலும் ஃபிரேம் அவ்வளவாகக் கூடாது.

ராமின் கெட்ட குணம் அது பேசாமல் கெடுப்பது. ஏற்றிய புரொசெசர் பொறுக்காவிட்டால் நீலத் திரை காட்டும், ரீஸ்டார்ட் ஆகும், விஷயம் உடனே தெரிந்துவிடும். ராமில் ஒரு பிட் புரண்டால் கம்ப்யூட்டர் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். நீங்கள் கொப்பி பண்ணிய கல்யாண வீடியோவில் எங்கோ ஓரிடம் சிதைந்திருக்கும். ஆகவே புரொஃபைலைப் போட்ட அன்றே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓடவிட வேண்டும், அதையும் மத்தியானத்தில் ஓடவிட வேண்டும். ராமில் தகவல் நிற்பது சிறு மின்னேற்றமாக. சூடு கூடக் கூட அது வேகமாகக் கசியும். 85 பாகைக்கு மேலே போனால் இரட்டிப்புத் தடவை புதுப்பிக்க வேண்டும் என்று டி.டி.ஆர் 4 நியமமே சொல்கிறது. புரொஃபைலோடு நின்றால் நீங்கள் அந்தச் சூட்டுக்குக் கிட்டவும் போகமாட்டீர்கள். ஆனால் டைமிங்குகளைக் கையால் ஒவ்வொன்றாக இறுக்குகிறவர்கள் கவனிக்க வேண்டும், முக்கியமாகப் புதுப்பிப்பு இடைவெளியை நீட்டுகிறவர்கள். மார்கழி மழையில் பாஸான ராம் வைகாசியில் பிழை விடும்.

புரொசெசர்

ஒரு காலத்தில் இதில் உண்மையாகவே லாபம் இருந்தது. 1998இல் வந்த இன்டெலின் செலரோன் 300ஏ புரொசெசரை, அதை மற்றப் பாகங்களோடு இணைக்கும் பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு மாற்றி, 450 மெகாஹேர்ட்ஸில் ஓட்டினார்கள். ஒன்றரை மடங்கு. இன்றைய சிப்புகள் அந்த மிச்சத்தை பூஸ்ட் என்ற பெயரில் தாங்களே எடுத்துக்கொண்டு வருகின்றன. உங்களுக்கென்று விட்டுவைப்பது கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்துக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். சிப் எடுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 4.4 கிகாஹேர்ட்ஸை 4.7 ஆக்க 1.2 வோல்டை 1.35 ஆக்க வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், வேகம் கூடுவது 7 வீதம், மின்சாரம் கூடுவது சுமார் 35 வீதம். அவ்வளவும் சூடாக உங்கள் அறைக்குள்தான் வரும். பெட்டியோடு வந்த சின்னக் கூலர் அதைத் தாங்காது. 5600இன் உச்ச வரம்பு 90 பாகை. 32 பாகை அறையில், முழுச் சுமையில், அந்தக் கூலரோடு, ஏற்றாமலே அதன் பக்கமாகப் போய்விடும். பிறகு பெரிய கூலர், கேசிங்குக்கு இன்னும் இரண்டு ஃபேன் என்று செலவு நீளும். அந்தக் காசைச் சேர்த்துவைத்து ஒரு படி மேலான சிப்பையே வாங்கியிருக்கலாம்.

இதில் இன்னொரு கோமாளித்தனமும் உண்டு. ரைசன் 7 5800எக்ஸ் ஒரு கோரில் வேலை வரும்போது 4.7வரை தானே போகும். எல்லாக் கோர்களையும் 4.5இல் கட்டிவைத்தால் ரெண்டரிங் கொஞ்சம் முன்னேறும், ஒற்றைக் கோரை நம்பியிருக்கும் கேம்கள் பின்னுக்குப் போகும்.

எல்லாப் போர்டும் விடாது என்பதும் இருக்கிறது. ஏ.எம்.டியில் ஏ320, ஏ520 போர்டுகளில் புரொசெசரை ஏற்ற முடியாது, ராமை ஏற்றலாம். பி450 வைத்திருப்பவர்கள் புரொசெசருக்குப் பக்கத்தில் இருக்கும் மின்சாரப் பகுதிக்கு ஹீட்சிங்க் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். இன்டெலில் கே எழுத்துள்ள சிப்பும் இசட் வரிசை போர்டும் வேண்டும். ராமுக்கு 2021இல் வந்த பி560 முதல் பி வரிசையிலும் அனுமதி உண்டு. அதற்கு முந்திய பி460இல் 10ஆம் தலைமுறை ஐ5 போட்டால் எந்த ராமும் 2666தான்.

இடையில் ஒரு மூன்றாம் வழி

கேர்வ் ஒப்டிமைசர் என்று ரைசன் 5000 முதல் ஒரு வசதி இருக்கிறது. வேகத்தைக் கூட்டும்படி சொல்வதற்குப் பதிலாக, அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் போதும் என்று சிப்புக்குச் சொல்வது. ஒரு படி சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் பத்தில் தொடங்கி மெல்ல இறங்கலாம். வோல்டேஜ் குறைய சூடு குறையும், சூடு குறைய பூஸ்ட் தானே கொஞ்சம் நீண்ட நேரம் மேலே நிற்கும். வேகமும் ஏறி வெப்பமும் இறங்குகிற வழி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். வெக்கை ஊருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஒரு சிக்கல்: அளவுக்கு மீறி இறக்கினால் முழுச் சுமையில் ஒன்றும் ஆகாது, சும்மா இருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். ஆகவே முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையில் பாஸானது போதாது. கோர்சைக்கிளர் போல ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் மென்பொருளை இரவு முழுக்க விட வேண்டும்.

ஆபத்து என்று பார்த்தால் ராம் பக்கம் பால்போல வெள்ளை என்றும் சொல்ல முடியாது. 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சில கருகின. எக்ஸ்போ போடும்போது சில போர்டுகள் எஸ்.ஓ.சி வோல்டேஜை (சிப்புக்குள் ராமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போவது) அதிகம் ஏற்றியது தெரிந்து, ஏ.எம்.டி அதை 1.3 வோல்டுக்கு மட்டுப்படுத்தியது. அந்த ரைசன் 7000 பொருந்தும் ஏ.எம்5 போர்ட் வைத்திருப்பவர்கள் பயோஸைப் புதுப்பித்த பிறகே எக்ஸ்போவைத் தொடவும். கரண்ட் போனாலும் தாங்கும்படி யு.பி.எஸ்ஸில் வைத்துப் புதுப்பியுங்கள். டி.டி.ஆர் 5இல் அமைப்பை மாற்றிய முதல் தடவை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, பயந்து பிளக்கைப் பிடுங்க வேண்டாம். இன்டெல் பக்கம் 13, 14ஆம் தலைமுறைச் சிப்புகள் ஏற்றாமலே மிகையான வோல்டேஜால் பழுதாகி, 2024 ஓகஸ்டில் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் கட்டளைகள்) திருத்தம் வந்தது, பெட்டியில் வந்த சிப்புகளுக்கு உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். அந்தச் சிப் உள்ளவர்கள் திருத்தம் போடாமல் எதையும் ஏற்றக் கூடாது.

உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, வரையறைக்கு வெளியே ராமை ஓட்டினாலும் உத்தரவாதம் போய்விடும் என்றே ஏ.எம்.டி எழுதி வைத்திருக்கிறது, வோல்டேஜைக் குறைப்பதற்கும் அதே விதி. பழுதானால் சாமானைத் தூக்கிக்கொண்டு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் பஸ் ஏற வேண்டியவர்கள் நாங்கள். புரொசெசர் கருகினால் சிப்பையே மாற்ற வேண்டிவரும். ராமின் அமைப்புப் பிழைத்து மெஷின் எழும்பாவிட்டால், பயோஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் சீமோஸ் பட்டரியைக் கழற்றிப் பூட்டினால் பழையபடி எழும்பும். இந்த இரண்டில் நான் எதைத் தேர்வேன் என்று சொல்லத் தேவையில்லை.

கடலோர வீடுகளில் எதையும் ஏற்றுமுன் கூலரைக் கழற்றி உப்பும் தூசும் துடைத்து, தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசுங்கள். பல பழைய மெஷின்களில் அதுவே பூஸ்டைத் திருப்பிக் கொண்டுவரும்.

புரொசெசரை உண்மையிலேயே ஏற்றலாம் என்று நான் சொல்லக்கூடியவர்களும் உண்டு. ஏசி அறையில் ஸ்டூடியோ வைத்து, கே சிப்பும் நல்ல போர்டும் 240 மில்லிமீட்டர் லிக்விட் கூலரும் வைத்திருந்து, நாள் முழுக்க சிபியூவிலேயே ரெண்டர் செய்கிறவர்கள். எடிட்டிங் மென்பொருள் கிராபிக்ஸ் கார்டில் உள்ள என்கோடரை (வீடியோவைச் சுருக்கி எழுதும் பகுதி) பாவிக்குமானால் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏற்றியே தீருவோம் என்றால், கடைசிச் சோதனையை ஏசியை நிறுத்தி, ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டுச் செய்து பாருங்கள்.