316 ரக ஸ்டீல் என்று சொல்லி ஏமாற்றினார்கள்: கடலோர விடுதி நடத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடற்கரையை ஒட்டிச் சிறிய விடுதி நடத்துபவர்கள் இதைத் தவறாமல் படிக்க வேண்டும் என்பதற்காக, ஆத்திரம் ஆறுவதற்கு முன்பே எழுதுகிறேன். மாடியறைகளின் பால்கனிக் கைப்பிடிகளுக்காக நான் கொடுத்த 85,000 ரூபாய் முழுவதும் போய்விட்டது. பணம் மட்டும் போயிருந்தால் வயிற்றெரிச்சலோடு நின்றிருக்கும். அந்தக் கம்பிகளின் மேல் சாய்ந்து நின்றவர்கள் என்னை நம்பி வந்த விருந்தினர்கள் என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

கடலோரத்தில் விடுதி நடத்துவதென்றால் பாதி நேரம் உப்போடு மல்லுக்கட்டுவதுதான் வேலை. ஏசி வெளிப்பெட்டியின் தகடுகள் பொடிப்பொடியாக உதிரும், கதவுக் கீல்கள் இறுகும், காயப்போட்ட விரிப்புகள் பிசுபிசுப்போடு திரும்பி வரும். இவற்றையெல்லாம் அனுபவித்திருப்பதால்தான், பழைய இரும்புக் கைப்பிடிகளை மாற்றும்போது வழக்கமான 304 ரகம்கூட வேண்டாம், 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி வேலையைக் கொடுத்தேன். இரண்டிலும் குரோமியமும் நிக்கலும் உண்டு; 316 ரகத்தில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும். கடற்காற்றோடு வரும் குளோரைடு, எஃகின் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலத்தை எளிதில் துளைத்துவிடாமல் தடுக்க உதவுவது அந்த மாலிப்டினம்தான். அதற்காகத்தான் கூடுதல் விலையும் கொடுத்தேன்.

வேலையை எடுத்தது, ஸ்டீல் பைப் விற்பனையோடு கிரில், கைப்பிடி வேலைகளும் செய்து தரும் ஒரு பட்டறை. அதன் உரிமையாளர் நேரில் வந்து அளவெடுத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய காந்தத்தை எடுத்து, கொண்டுவந்திருந்த மாதிரிக் குழாயின் மேல் வைத்துக் காட்டினார். அது ஒட்டாமல் வழுக்கி அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. “பார்த்தீர்களா அக்கா, அசல் 316. கடலுக்குள்ளேயே போட்டு வைத்தாலும் ஒன்றும் ஆகாது” என்றார். பிறகு பழைய கம்பியின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “சின்னப் பிள்ளைகள் வந்து நிற்கிற இடம், இங்கே போய் மட்டமான சரக்கைப் போடலாமா?” என்று அவரே கேட்டார். அந்த ஒரு கேள்விதான் என்னை முழுதாக நம்ப வைத்தது. பாதி முன்பணமாகவும் மீதி வேலை முடிந்த அன்றே ரொக்கமாகவும் 85,000 கை மாறியது.

அந்தக் காந்தச் சோதனை வெறும் கண்கட்டு. 304 ரகத்திலும், அதைவிட மலிவான 200 வரிசைச் சரக்கிலும்கூடக் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. இந்தத் தொழிலிலேயே இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை. அறை துடைக்கும் பெண் கைப்பிடியின் அடிப்பக்கம் துணியை ஓட்டியபோது துணி பழுப்பாக வந்தது. மேற்பக்கம் பளபளவென்று இருக்க, மழைநீர் பட்டுக் கழுவாத அடிப்பக்கம் முழுவதும் ஊசிமுனை அளவில் துருப்புள்ளிகள். பற்றவைத்த மூட்டுகளைச் சுற்றித் துரு வளையங்கள். சுவரில் பதித்த தகட்டின் திருகுகளிலிருந்து வெள்ளைச் சுவரில் டீக்கறை போல ஒழுகிய கோடுகள். ஒரு திருகைத் திருப்பிப் பார்த்தேன், அதன் தலை மட்டும் உடைந்து கையோடு வந்தது. அன்றே பால்கனிக் கதவுகள் எல்லாவற்றையும் பூட்டினேன்.

அதன்பிறகு நடந்ததுதான் கொடுமை. முதல் தொலைபேசி அழைப்பில் “நாளைக்கே ஆளை அனுப்புகிறேன் அக்கா” என்றவர், அடுத்த அழைப்பில் உப்புக்காற்றுக்குத் தான் பொறுப்பில்லை என்றார். பிறகு நான் சரியாகத் துடைக்கவில்லை என்றார். நேரில் போனால் “முதலாளி ஊரில் இல்லை மேடம்” என்று சொன்ன பையனுக்குப் பின்னால், உள்ளறையில் அவருடைய குரலே கேட்டது. கடைசியாகப் பில்லை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். வேலைக்கு முன் தந்த விலைப்பட்டியலில் 316 என்று எழுதித் தந்தவர்கள், பில்லில் வெறுமனே ‘எஸ்.எஸ். பைப்’ (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்) என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். 85,000 வாங்கும்போது இருந்த 316, பில் எழுதும்போது எங்கே போனது?

பழைய உலோகம் வாங்கும் வணிகர் ஒருவரிடம் கையடக்க எக்ஸ்ரே சோதனைக் கருவி இருந்தது. கைப்பிடிக் குழாயின் துண்டைக் காட்டியதும் விடை வந்துவிட்டது: மாலிப்டினம் பேருக்குக்கூட இல்லை, நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். 304 ரகமும் இல்லை, 200 வரிசைச் சரக்கு. அந்த அளவீட்டையும் விலைப்பட்டியலையும் இணைத்து நுகர்வோர் குறைதீர்வுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 85,000 திரும்பி வருகிறதோ இல்லையோ, அதைக் கேட்காமல் விடப்போவதில்லை.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது நேரமில்லை. அதனால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். யார் காந்தத்தைக் காட்டினாலும் நம்பாதீர்கள். ரக எண் பில்லிலேயே இருக்க வேண்டும். எஃகு ஆலை தரும் சோதனைச் சான்றான மில் டெஸ்ட் சர்ட்டிபிகேட் கேளுங்கள், அதிலுள்ள ஹீட் நம்பரை, அதாவது எஃகை உருக்கிய தொகுதியின் எண்ணை, குழாயில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். திருகும் பற்றவைப்புக் கம்பியும்கூடப் பொருத்தமான ரகமா என்று பாருங்கள். துண்டைச் சோதித்துப் பார்க்கும்வரை மீதிப் பணத்தைத் தராதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால், இன்றைக்கே கைப்பிடியின் அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கையில் பழுப்பு ஒட்டினால் யாரையும் அதில் சாய விடாதீர்கள்.