பாதி மறந்த பாட்டு: தட்டித் தேடுவதா, முணுமுணுப்பதா?

ஞாபகத்தில் இருப்பது பல்லவியா, சரணமா, வெறும் மெட்டா? எந்த வழி பலிக்கும் என்பது அதைப் பொறுத்தது.

சரணத்தில் ஒரு வரி நினைவிருந்தால் கூகுளில் தமிழ் எழுத்திலேயே தட்டுங்கள். பல்லவியில் வரும் நிலவும் நெஞ்சமும் ஆயிரம் பாட்டில் உண்டு. கவிஞர் புதுச்சொல் போடுவது பெரும்பாலும் சரணத்தில்தான். இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால் அதே சொற்றொடர் உள்ள பக்கங்கள் மட்டும் வரும். தமிழில் இதுவே வினையாகவும் முடியும். நீங்கள் ‘உன்னைக் கண்ட’ என்று ஒற்றுப் போட்டுத் தேட, வரிகளை ஏற்றியவர் ‘உன்னை கண்ட’ என்று விட்டிருப்பார். ‘வந்துபோகும்’ சேர்ந்தா, பிரிந்தா? ‘நெனச்சு’வா, ‘நினைச்சு’வா, ‘நினைத்து’வா? தளத்துக்குத் தளம் மாறும். அதனால் முழு வரியையும் மேற்கோளுக்குள் வைக்க வேண்டாம். ஒற்று மிகாத, பேச்சுவழக்கில் திரியாத இரண்டு சொற்கள் போதும். நடுவில் ஒரு சொல் மறந்திருந்தால் அங்கே நட்சத்திரக் குறி. மேற்கோளுக்கு வெளியே ‘பாடல் வரிகள்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பல்லவி மட்டும்தான் தெரியும் என்றால் யூடியூபே மேல். அங்கே தலைப்புகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் முதல் வரியோடு இருக்கும். ழகரத்துக்கு ஒருவர் இசட்-ஹெச் போடுவார், இன்னொருவர் எல். சின்னப் பிழைகளை யூடியூப் பொறுத்துக்கொள்ளும். தொல்லை வேறு: பழைய பல்லவிகள் படப்பெயராகவும் சீரியல் பெயராகவும் திரும்ப வருகின்றன. ‘நெஞ்சம் மறப்பதில்லை’ என்று தேடினால் 1963-இல் வந்த ஸ்ரீதர் படத்தின் பாட்டோடு 2021-இல் வந்த செல்வராகவன் படமும் வந்து நிற்கும். கூகுளில் ‘-சீரியல் -டிரெய்லர்’ என்று கழித்தல் குறியை இடைவெளியின்றி ஒட்டிப் போட்டால் கூட்டம் குறையும்.

சொல்லே இல்லை, மெட்டுதான் என்றால் கூகுள் செயலியின் மைக்கைத் தொட்டு, பாடலைத் தேடும் பொத்தானை அழுத்தி 10 முதல் 15 விநாடி முணுமுணுங்கள். 2020 அக்டோபரில் வந்த வசதி இது. குரலையும் வாத்தியத்தையும் ஒதுக்கிவிட்டு மெட்டு ஏறி இறங்கும் வடிவத்தை மட்டும் ஒப்பிடுவதால் சுருதி கொஞ்சம் விலகினாலும் பாதகமில்லை. பாட்டின் தொடக்கத்தில் தாளமில்லாமல் வரும் தொகையறாவை விட்டுவிட்டுப் பல்லவியைப் பிடியுங்கள், ஃபேனையும் அணையுங்கள். தெலுங்குப் பாட்டு விடையாக வந்தால் தள்ளிவிடாதீர்கள். அது டப்பிங்காகவோ, அதே இசையமைப்பாளர் மறுபடி பயன்படுத்திய மெட்டாகவோ இருக்கலாம். இசையமைப்பாளர் பெயரைப் பிடித்துக்கொண்டு தமிழுக்கு வந்துவிடலாம்.

பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் செயலி வேறு ஜாதி. அது ஒப்பிடுவது ஒலிப்பதிவின் கைரேகையை, அதாவது அந்த ஒரு பதிவுக்கே உரிய ஒலி அடையாளத்தை. பஸ்ஸிலோ டீக்கடையிலோ அசல் பாட்டு ஓடினால் சில விநாடிகளில் சொல்லிவிடும். நீங்கள் பாடிக் காட்டினால் கைவிரிக்கும். மெல்லிசைக் குழு மேடையில் பாடியதும் வேகம் மாற்றிய ரீல்ஸும் அதற்குச் சிக்குவது அரிது.

பாட்டு கிடைத்தாலும் எழுதியவர் பெயரை வரிகள் தளத்திலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். வாலி எழுதியதைக் கண்ணதாசன் பெயரில் போடுவது சகஜம். ஒரே படத்துக்கு இருவர் மூவர் எழுதியிருந்தால் டைட்டில் கார்டும் உதவாது. பாட்டுவாரியாகப் பெயர் போட்ட இசைத்தட்டு உறையின் படத்தைத் தேடிப் பாருங்கள்.