சீனக் காரும் ஐரோப்பியக் காரும்: நெல்லைச் சாலைகளில் மூன்று வருடம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் நிற்பது சீன மின்சாரக் கார், இரண்டு தெரு தள்ளி அக்கா வீட்டில் நிற்பது ஐரோப்பிய மின்சாரக் கார். இரண்டும் 2023 தொடக்கத்தில் எடுத்தவை, என்னுடையது இப்போது 58,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. எனக்கு 35 லட்சத்துக்குள் முடிந்தது, அத்தானுக்கு 60-ஐத் தொட்டது. அந்த இருபது சொச்சம் லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்காத சொந்தக்காரர்களே இல்லை.

பேட்டரியில் ஒன்றும் அதிகமாகக் கிடைக்கவில்லை. என் வண்டியில் இருப்பது எல்எஃப்பி, அதாவது இரும்பு பாஸ்பேட் வகை. எடை கூடுதல்தான், ஆனால் சூட்டைத் தாங்கும், தீப்பிடிக்கும் அபாயம் குறைவு. வாரத்துக்கு ஒரு தடவை 100 சதவீதம் வரை சார்ஜ் ஏற்றச் சொல்வார்கள், ஏனென்றால் அதன் வோல்டேஜ் நெடுநேரம் ஒரே மட்டத்தில் நிற்கும், நிரம்பும்போதுதான் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று மீட்டருக்குச் சரியான கணக்கு பிடிபடும். அத்தான் காரில் நிக்கல் கலந்த என்எம்சி, அதைத் தினமும் 80 சதவீதத்துடன் நிறுத்துவது நல்லது. அக்னி நட்சத்திரத்தில் வண்ணார்பேட்டையில் நாள் முழுக்க வெயிலில் நின்றும், முழு சார்ஜில் ஊருக்குள் 420 கிலோமீட்டர் ஓடிய என் வண்டி இன்று 400 ஓடுகிறது.

இன்னொன்று, ஐரோப்பியப் பெயர் என்பதால் எல்லாம் அங்கிருந்தே வருவதில்லை. வோல்வோ 2010 முதல் சீனாவின் ஜீலி என்ற கார் கம்பெனி கையில், பிஎம்டபிள்யூ சீனாவின் சிஏடிஎல் என்ற பேட்டரி கம்பெனியிடம் பேட்டரி செல் வாங்குகிறது. சீனாவில் செய்யும் மின்சாரக் கார்களின் விலை அந்த அரசின் மானியத்தால் இறங்குகிறது என்று சொல்லித்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2024 அக்டோபரில் ஏற்கெனவே இருந்த 10 சதவீத இறக்குமதி வரிக்கு மேலேயே, சீனக் கம்பெனிகளான பிஒய்டியின் கார்களுக்கு 17, சாயிக்கின் கார்களுக்கு 35.3 சதவீதம் என்று கூடுதல் வரி போட்டது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை மறக்க முடியாது. கரண்ட் இல்லை, எங்கள் தெரு மேடு என்பதால் வண்டி தப்பியது. காரிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கும் வசதி இருந்ததால் பிரிட்ஜை ஓட்டினோம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுத் தெருக்காரர்கள் போன்களை வாசலில் வரிசையாக வைத்து சார்ஜ் ஏற்றினோம். விலை அதிகமான அத்தான் காரில் அந்த வசதி இல்லை.

சரி, பணம் எங்கேதான் போகிறது? ஆடி மாதம் நாங்குநேரி தாண்டிப் பணகுடி வரை 100-ல் ஓட்டிப் பாருங்கள். காற்றாலைகள் சுழலும் அந்தக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது என் வண்டி லேசாக அலைகிறது, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் குடிப்பது 19 ஆகிவிடும். அத்தான் காரும் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் தடம் மாறாது. கோடு போடாத கிராமத்துச் சாலையில் வண்டியைத் தடத்துக்குள் வைத்திருக்கும் லேன் அசிஸ்ட் வசதி என் வண்டியில் சும்மா சும்மா ஸ்டியரிங்கை இழுக்கும், ஏறியதும் முதல் வேலையாக அதை அணைத்துவிடுவேன்.

சர்வீஸ் இரண்டுக்கும் கஷ்டம்தான். எனக்கு மதுரை, அவருக்குக் கோயம்புத்தூர். மேலப்பாளையத்தில் ஆட்டோ உரசி என் சைடு மிரர் போனது, புதுசு வர ஏழு வாரம் ஆனது. அத்தானுக்கு இரண்டே வாரத்தில் வந்தது, விலை மட்டும் மூன்று மடங்கு.

ஊருக்குள் ஓட்ட, அம்பாசமுத்திரம், தென்காசி போய்வர என்றால் தயங்காமல் என் வண்டியைத்தான் சொல்வேன். ஆனால் அம்மாவுக்கு முதுகுவலி. என் காரில் பின்சீட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார், அத்தான் காரில் வள்ளியூர் வருவதற்குள் தூங்கிவிடுவார். கன்னியாகுமரி போவதென்றால், "அக்கா வீட்டு வண்டியைக் கேளுப்பா" என்பார்.